சொகுசுக் கப்பலில் அழுக்குத் துணி: துவைப்பது யார், விலை கொடுப்பது யார்?

பத்து நாள் கடற்பயணம் போகும் குடும்பமொன்றுக்கு ஆறாம் நாள் ஒரு சாதாரணச் சிக்கல் வருகிறது. கொண்டு வந்த உடுப்பு முடிந்துவிடுகிறது. கப்பலில் அரைடசின் உணவகங்கள் இருக்கின்றன. நீச்சல் தடாகங்கள், சூதாட்டக் கூடம், நாடக அரங்கு, சில கப்பல்களில் பனிச்சறுக்குத் தளம்கூட இருக்கிறது. ஆனால், குழந்தையின் அழுக்குச் சட்டையைத் தாய் தானே போட்டு எடுக்க ஒரு சலவை இயந்திரம் பல கப்பல்களில் இல்லை. துணிகளைப் பையில் போட்டு, படிவம் நிரப்பி, கப்பல் ஊழியரிடம் கொடுக்க வேண்டும். ஒரு சட்டைக்குச் சில டொலர் என்று பட்டியல் போட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். அது வேண்டாமென்றால் குளியலறைக் கைகழுவும் தொட்டியில் தோய்த்து, பல்கனிக் கதிரையில் காயப் போட வேண்டியதுதான்.

மின்கட்டணமும் மருந்துத் தட்டுப்பாடும் பேசப்படும் நாட்டில், சொகுசுக் கப்பல் பயணியின் அழுக்குத் துணி பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புலம்பெயர்ந்த எங்கள் உறவினர்கள் பலர் இன்று ஓய்வூதியக் காலத்தில் இத்தகைய கப்பல்களில் ஏறுகிறார்கள் என்பது ஒரு பதில். நம் நாட்டு இளைஞர்களும் அக்கப்பல்களில் வேலை தேடிப் போகிறார்கள் என்பது இன்னொரு பதில். ஆனால் முக்கியமான பதில் வேறு. பயணிகளுக்குச் சுயசேவைச் சலவையறை வேண்டுமா, வேண்டாமா என்ற சின்னக் கேள்வியைப் பிடித்து இழுத்தால், தீ, தண்ணீர், கூலி என்ற மூன்று பெரிய விடயங்களும் கூடவே வருகின்றன. வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. வேண்டாம் என்பதற்காகச் சொல்லப்படும் காரணங்களை நேர்மையாகப் பின்தொடர்ந்தால், அவை கப்பலின் அடித்தளத்தில் உழைப்பவர்களிடம்தான் போய் நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

முடியாததா, விருப்பமில்லாததா?

முதலில் நிலவரம். கார்னிவல், பிரின்சஸ் ஆகிய நிறுவனங்களின் பெரும்பாலான கப்பல்களில் பயணிகள் தாங்களே துவைத்து உலர்த்தும் சிறிய சலவையறைகள் இருக்கின்றன. ஒரு தடவைக்குச் சில டொலர் கட்டணம். டிஸ்னி கப்பல்களிலும் உண்டு. பிரித்தானிய மரபில் வந்த கியூனார்ட், பி அன்ட் ஓ நிறுவனங்கள் இந்த இயந்திரங்களை இலவசமாகவே விட்டிருக்கின்றன. கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்து போயிருக்கும் குயீன் மேரி 2 கப்பலில் பயணி தன் துணியைக் காசு கொடுக்காமல் துவைக்கலாம். மறுபக்கம், உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல்களை ஓட்டும் ரோயல் கரீபியன் நிறுவனத்திலும் அதன் சகோதர நிறுவனமான செலிப்ரிட்டியிலும் இந்த வசதி கிடையாது. ஹொலண்ட் அமெரிக்காவில் முன்பு இருந்தது. பெரும்பாலான கப்பல்களில் எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்னிவல், பிரின்சஸ், கியூனார்ட், பி அன்ட் ஓ, ஹொலண்ட் அமெரிக்கா ஆகிய ஐந்தும் கார்னிவல் கோப்பரேஷன் என்ற ஒரே தாய் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஒரே முதலாளி, ஒரே சர்வதேசப் பாதுகாப்புச் சட்டம், பல வேளைகளில் ஒரே கப்பல் கட்டும் தளம். ஒரு கப்பலில் இலவசம், இன்னொன்றில் கட்டணம், வேறொன்றில் இல்லவே இல்லை. ஆகவே இது பொறியியலால் முடியாத காரியமல்ல. எந்தப் பயணியிடம் எதை விற்கலாம் என்ற வியாபாரத் தீர்மானம்.

பிரித்தானியக் கம்பனிகளிடம் இந்த வழக்கம் நிலைத்ததற்கு அவற்றின் பழைய தொழிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பி அன்ட் ஓ, ஓரியண்ட் லைன் கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து கொழும்பு வழியாக அவுஸ்திரேலியாவுக்கு வாரக்கணக்கில் ஓடியவை. கைக்குழந்தைகளோடு குடிபெயர்ந்த குடும்பங்கள் அவற்றில் பயணித்தன. அப்படியொரு பயணத்தில் துணி துவைப்பது உபசாரம் அல்ல, அன்றாடத் தேவை. மூன்று, நான்கு இரவுகள் மட்டும் ஓடும் விடுமுறைக் கப்பல்களுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. இன்றோ அதே நிறுவனங்கள் 14 நாள், 30 நாள், நூறு நாளுக்கு மேற்பட்ட உலகச் சுற்றுப் பயணங்களையும் விற்கின்றன. நாட்கள் நீண்டுவிட்டன, வசதி மட்டும் நீளவில்லை.

இடத்தின் விலை

கப்பலில் ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை உண்டு. ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு சலவையறை பிடிக்கும் இடத்தில் இருவர் தங்கும் அறையொன்றை அமைத்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 150 டொலர் வாங்கினால், நாளுக்கு 300 டொலர். வருடம் முழுவதும் நிரம்பினால் ஒரு இலட்சம் டொலருக்கும் மேல். அதே இடத்தில் நான்கு இயந்திரங்களை வைத்து, ஒவ்வொன்றும் நாளுக்கு எட்டுத் தடவை ஓடி, தடவைக்கு 3 டொலர் கிடைத்தால் 96 டொலர்தான். போதாக்குறைக்கு, பயணி தானே துவைத்தால் நிறுவனம் விற்கும் சலவைப் பையும் விற்காது. கணக்காளரின் மேசையில் இந்த வாதம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் நிறுவனங்கள் இந்தக் கணக்கோடு நிற்பதில்லை. பல நிறுவனங்கள் அடிக்கடி பயணிப்பவர்களுக்கான உயர் தரநிலையில் இலவசச் சலவையை ஒரு சலுகையாக வைத்திருக்கின்றன. பொதுவாக எல்லோருக்கும் இருக்கக்கூடிய ஒன்றை எடுத்துவிட்டு, அதையே தேர்ந்தெடுத்தோருக்குப் பரிசாகக் கொடுப்பது நல்ல வியாபாரம். நல்ல விருந்தோம்பலா என்றால், இல்லை.

பாதிக்கப்படுவது யார் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அறையை வாடகைக்கு எடுத்த வசதியான தம்பதிக்கு சலவைப் பையின் விலை பெரிதல்ல. கைக்குழந்தையோடு வருபவர், படுக்கையில் சிறுநீர் கசியும் வயோதிபரைக் கூட்டி வருபவர், தோல் ஒவ்வாமையால் குறிப்பிட்ட சவர்க்காரம் மட்டுமே பாவிக்கக் கூடியவர், தன் உள்ளாடையை அந்நியர் கையில் கொடுக்கக் கூசும் மூதாட்டி ஆகியோருக்குத்தான் ஒரு இயந்திரமும் ஒரு கதவும் தேவை. இவர்கள் கேட்பது சொகுசு அல்ல, சற்று மானம்.

தீ எங்கே பிடித்தது?

நிறுவனங்களின் பக்கத்தில் மிகப் பலமான வாதம் தீ. நடுக்கடலில் தீயை விடப் பயங்கரமானது எதுவுமில்லை. துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் பஞ்சுத்தூள் எளிதில் பற்றக்கூடியது. கவனமில்லாமல் விடப்பட்ட அயன் பெட்டியும் அப்படியே. பயிற்சியில்லாத பயணிகள் கையில் இவற்றைக் கொடுப்பதா என்ற கேள்வியை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் பதிவுகளைப் பார்க்க வேண்டும். 1996 ஜூலை 27ஆம் திகதி அலாஸ்காவின் ஜூனோவுக்கு அருகே யுனிவேர்ஸ் எக்ஸ்புளோரர் என்ற பயணிகள் கப்பலில் தீ பிடித்தது. தீ தொடங்கிய இடம் கப்பலின் பிரதான சலவைக்கூடம். ஊழியர்களின் படுக்கைப் பகுதிக்குப் புகை பரவியது. புகையைச் சுவாசித்து ஐந்து பேர் இறந்தார்கள். ஐவரும் ஊழியர்கள்.

இரண்டு வருடங்களின் பின், 1998 ஜூலை 20ஆம் திகதி, மியாமித் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில் கார்னிவலின் எக்ஸ்டஸி கப்பலின் பின்பகுதி எரிந்தது. கரும்புகை எழுந்த காட்சியை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் காட்டின. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்தது. பிரதான சலவைக்கூடத்தில் அனுமதியின்றி நடந்த வெல்டிங் வேலையே தொடக்கம். அந்தப் பொறி காற்றோட்டக் குழாயில் குவிந்து கிடந்த பஞ்சுத்தூளைப் பற்றியது. குழாய் வழியே போன தீ, பின்தளத்தில் இருந்த கயிறுகளையும் எரித்தது. சலவைக்கூடத்தின் வெளியேற்றுக் குழாய்களைத் தீப் பாதுகாப்பான நிலையில் நிறுவனம் பராமரிக்கவில்லை என்பதையும் சபை காரணமாகக் குறிப்பிட்டது. அந்தத் தடவை யாரும் இறக்கவில்லை. ஊழியரும் பயணிகளுமாக இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

இரண்டு சம்பவத்திலும் தீ தொடங்கியது பயணி பாவிக்கும் சலவையறையில் அல்ல. கீழே, யாரும் பார்க்காத பெரிய சலவைக்கூடத்தில். கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை இன்று, 36க்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்களின் பிரதான சலவைக்கூடக் குழாய்களுக்குக் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய வடிகட்டி, தீத்தடுப்பு அடைப்பு, பரிசோதிக்கும் மூடி என்று வரையறை வைத்திருக்கிறது. இதெல்லாம் யாரோ ஒருவர் மாதக்கணக்காகக் குழாயைத் துடைக்காமல் விட்டதன் விலையைக் கண்ட பின் வந்த அக்கறை.

ஆகவே, தீ காரணமாகப் பயணிகளின் சலவையறையை மூடுகிறோம் என்று சொல்லும் நிறுவனத்திடம் ஒரு மறுகேள்வி கேட்க வேண்டும். மேல் தளத்தில் மூடிய இயந்திரத்தின் துணி எங்கே போகிறது? கீழே போகிறது. பஞ்சுத்தூளும் வெப்பமும் கூடவே போகின்றன. ஆபத்து மறைவதில்லை, இடம் மாறுகிறது. பயணியின் அறைவாசலிலிருந்து ஊழியரின் படுக்கைக்கு அருகே போகிறது. கீழே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களுக்கு ஓய்வும் பராமரிப்புக்கான நேரமும் இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி.

கீழ்த்தளத்தின் கைகள்

கடற்றொழிலாளர் உடன்படிக்கை, 2006 என்ற சர்வதேச ஆவணம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. கப்பலில் வேலை செய்வோருக்குத் துணி துவைக்கும் வசதி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விந்தை என்னவென்றால், ஊழியருக்கு உரிமையாக எழுதப்பட்ட ஒன்று பயணிக்கு விருப்பச் சேவையாக மட்டும் இருக்கிறது. அதே உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு என்ற அளவையும் வைத்திருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம். 77 கழித்தால் 91. ஓய்வுக் கணக்கைப் பின்பற்றும் கப்பலில் 91 மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கப்பலின் சலவைப் பகுதியில் சில ஒப்பந்தங்கள் முடித்துவிட்டுத் திரும்பிய ஒருவருடன் நான் பேசியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரோ அவர் பெயரோ இங்கே தேவையில்லை. வேலையின் பாரம் எங்கே என்று கேட்டேன். விரிப்பு, துவாய், மேசைத்துணி, சீருடை என்று மலைபோல் வருவதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. “விரிப்பு எரிஞ்சா இன்னொரு விரிப்பு எடுக்கலாம் அண்ணை. பயணியின்ரை சட்டை ஒண்டு சுருங்கினா, ஒரு காலுறை காணாமப் போனா, அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான். பயணிகளின்ரை பைதான் பயம்.” மொத்தத் துணியில் சிறு பங்கான பயணிகளின் சொந்த உடுப்பே அதிக மன உளைச்சலைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கட்டி, பிரித்து, திரும்ப அதே கையில் சேர்க்க வேண்டும்.

சுயசேவை வந்தால் அவர்களுடைய வேலை போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கறையான கேள்விதான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் தூங்கும் கட்டில்களின் விரிப்பும், தடாகத் துவாயும், சமையற்கட்டின் உடுப்பும் சுயசேவைக்குப் போகப் போவதில்லை. பிரதான சலவைக்கூடம் எப்படியும் இரவு பகலாக ஓடும். சுயசேவையைச் சாட்டாக வைத்து ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் இருக்கலாம். அதை எதிர்க்க வேண்டும். அதற்காகப் பயணியிடமிருந்து இயந்திரத்தைப் பறிப்பது தொழிலாளருக்குச் செய்யும் உதவி ஆகாது.

பிறர் உடுப்பை வெளுப்பதைச் சாதிக் கடமையாக்கி, அந்த வேலையைச் செய்தவர்களைப் பின்வாசலில் நிறுத்திய வரலாறு எங்கள் சமூகத்துக்கு உண்டு. துணி வெள்ளையாக வந்ததை மட்டும் கண்டோம்; வெளுத்தவரைக் காணவில்லை. கப்பலுக்கும் ஒரு பின்வாசல் இருக்கிறது. பயணிகள் கண்ணில் படாமல் கீழ்த்தளத்தில் நீளமாக ஓடும் ஊழியர் பாதையைப் பல கப்பல்களில் அமெரிக்க நெடுஞ்சாலையொன்றின் பெயரால் ‘ஐ-95’ என்று அழைக்கிறார்கள். அழுக்குத் துணி அந்த வழியால் போய், மடித்த துணியாக அந்த வழியால் வருகிறது. ஒருவர் தன் சட்டையைத் தானே இயந்திரத்தில் போட்டு, பஞ்சு வடிகட்டியைத் தன் கையால் துடைப்பதால் உலகம் மாறிவிடாது. ஆனாலும் அந்த வேலைக்கு வெப்பமும் நேரமும் கவனமும் தேவை என்பதாவது அவருக்குத் தெரியவரும்.

தண்ணீர் எங்கே போகிறது?

அடுத்தது தண்ணீர். கப்பலில் நன்னீர் பெரும்பாலும் கடல்நீரிலிருந்தே தயாராகிறது. அதற்கு எரிபொருளோ இயந்திரத்தின் வெப்பமோ செலவாகிறது. எல்லோரும் துவைக்கத் தொடங்கினால் தாங்குமா?

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2008இல் வெளியிட்ட மதிப்பீடு, குளியல், கைகழுவல், சமையல், சலவை எல்லாம் சேர்ந்த சாம்பல்நீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 67 கலன், அதாவது ஏறத்தாழ 250 லீற்றர் என்கிறது. வாரத்துக்கு 1,750 லீற்றர். முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரம் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 60 லீற்றர் எடுக்கும் என்று வைத்தால், வாரம் ஒரு தடவை துவைப்பவர் கூட்டுவது மூன்று, நான்கு சதவீதம். இருவர் சேர்ந்து துவைத்தால் அதில் பாதி. அதுவும் முழுக்கக் கூடுதல் அல்ல. அவர் துவைக்காவிட்டால் அதே துணியைக் கீழே யாரோ துவைக்கிறார், அல்லது அவரே குழாயைத் திறந்துவிட்டுத் தோய்க்கிறார்.

ஆகவே தண்ணீரின் அளவு சலவையறையை மறுக்கக் காரணமில்லை. அந்த நீர் எங்கே போகிறது என்பதுதான் உண்மையான பிரச்சினை. கப்பல் மாசுக்கான மார்போல் சர்வதேச உடன்படிக்கை மலக்கழிவுநீரைக் கட்டுப்படுத்துகிறது, சாம்பல்நீரைக் கட்டுப்படுத்துவதில்லை. சவர்க்காரமும் செயற்கை இழைத்துகளும் கலந்த சலவைநீர் அந்த இடைவெளியால் கடலுக்குப் போகிறது. அலாஸ்கா போன்ற சில இடங்கள் தமக்கென்று சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. 2016இல் பிரின்சஸ் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்று 40 மில்லியன் டொலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்ட வழக்கில், எண்ணெய்க் கழிவு கலந்த நீரைச் சாம்பல்நீர்த் தொகுதிக்குள் விட்டுக் கடலில் கொட்டியதும் ஒரு பகுதி. யாரும் பார்க்காத குழாய்க்குள் எதுவும் போகலாம் என்பதற்கு அது சான்று.

இந்த இடத்தில் விடயம் எங்கள் கரைக்கும் வருகிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு எம்பிரஸ் என்ற பயணிகள் கப்பல் வந்தபோது அது செய்தியாகக் கொண்டாடப்பட்டது. அக்கப்பல் முன்பு ரோயல் கரீபியனுக்குச் சொந்தமானது. சில இரவுகள் மட்டும் ஓடும் அத்தகைய பயணத்துக்குச் சலவையறை அவசியமில்லை. ஆனால் இன்னும் கப்பல்கள் வர வேண்டும் என்று விரும்பும் நாடு, எத்தனை பயணி இறங்கினார், எத்தனை டொலர் செலவழித்தார் என்பதோடு கணக்கை நிறுத்தக் கூடாது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்து கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கியதைக் கண்டவர்கள் நாங்கள். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம் எங்களிடம் இருக்கிறது. ஆழம் குறைந்த வடகடலில், சிறு தொழில் மீனவர் வலைபோடும் நீரில், வந்து போகும் கப்பல் சாம்பல்நீரைத் திறக்கலாமா என்பதை இன்றே தீர்மானிக்கலாம். கப்பல்கள் பெருகிய பின் கேட்டால் வருமானத்தைக் காட்டி வாயடைப்பார்கள்.

என்ன செய்யலாம்?

என் முன்மொழிவு எளிமையானது. ஏழு இரவுக்கு மேல் ஓடும் எந்தக் கப்பலிலும் பயணிகளுக்குச் சுயசேவைச் சலவையறை இருக்க வேண்டும். கட்டணம் இயந்திரத்தை இயக்கும் செலவை ஒட்டி இருக்கட்டும். இலவசமானால் இன்னும் நல்லது. அயன் பெட்டியை அங்கே வைக்கத் தேவையில்லை. வைத்தால் தானாக அணையும் வகையும் ஊழியர் கண்காணிப்பும் வேண்டும். இரவில் பூட்டலாம். பஞ்சு வடிகட்டி துடைக்கப்படாவிட்டால் ஓடாத இயந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம். சவர்க்காரம் அளவாக இயந்திரமே போடட்டும். குழாய்களைச் சுத்தம் செய்யும் வேலை, ஏற்கனவே களைத்தவரின் தலையில் கூடுதலாக விழாமல், ஆளும் நேரமும் ஒதுக்கி எழுதப்பட வேண்டும். இதே ஒழுங்கு கீழே உள்ள பிரதான சலவைக்கூடத்துக்கும் முதலில் பொருந்த வேண்டும்.

சலவையறையில் வரிசையில் நின்று பயணிகள் சண்டை பிடிப்பார்கள், பிறர் துணியை எடுத்து வெளியே போடுவார்கள் என்பதும் ஒரு மறுப்பாகச் சொல்லப்படுகிறது. பிடிப்பார்கள்தான். தண்ணீர்க் குழாயடியில் வளர்ந்த எங்களுக்கு அது புதிதல்ல. குழாயடிச் சண்டைக்காக யாரும் குழாயை மூடுவதில்லை.

கப்பலில் ஏறப்போகும் உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால், முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் உடுப்பை நாங்களே துவைக்க முடியுமா? முடியாதென்றால், அதைத் துவைப்பவர் நாளுக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? முதல் கேள்விக்கு விற்பனையாளரிடம் உடனே பதில் இருக்கும். இரண்டாவதற்கும் பதில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு வரும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.